சுடலை காத்த குரல்

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில், கடற்காற்று எட்டுகிற தூரத்தில் ஒரு சனசமூக நிலையம். வாசிகசாலை மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டிருக்கிறார்கள். அன்றைய பத்திரிகைகள் ஒரு கருங்கல்லின் கீழே படபடத்துக்கொண்டிருக்கின்றன. சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்ரிக் கதிரைகள் மண்டபத்தை நிரப்பி முற்றத்துக்கும் இறங்கியிருக்கின்றன. முன்வரிசைக் கதிரைகள் மட்டும் வெறுமையாகக் கிடக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் அவற்றைத் தாண்டி இரண்டாம் வரிசைக்குப் போகிறார்கள். யாரோ பெரியவர்களுக்காக விடப்பட்டவை என்ற நினைப்பு.

மேடை என்று உயர்த்திக் கட்டியது ஒன்றுமில்லை. சீமெந்துத் தரையில் ஒரு வாங்கு. அதன்மேல் மடித்த வெள்ளைச் சால்வை. பக்கத்தில் சாய்த்து வைத்த மூங்கில் தடி. இடப்பக்கம் ஆர்மோனியத்தோடு ஒரு முதியவர், எழுபதைத் தாண்டியிருப்பார். துருத்தியை மெல்ல அசைத்து ஒரு சுரத்தை அழுத்திக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். திருப்தியில்லை. மறுபடியும் அழுத்துகிறார். மிருதங்கத்துக்குப் பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன். அவன் கண் முழுக்க அந்த முதியவரின் விரல்களில் இருக்கிறது.

நடிகருக்கு நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். திரை இல்லை, ஒப்பனை அறை இல்லை. எல்லோரும் பார்க்கச் சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவுகிறார். வேட்டியை இறுக்கிக் கட்டுகிறார். நெற்றியிலும் தோளிலும் திருநீற்றை இழுத்துப் பூசுகிறார். இனி வரப்போகிற அரசனும் அரசியும் பிள்ளையும் சுடலைக் காவலாளியும் இந்த ஒரு உடம்புக்குள்ளிருந்துதான் வரவேண்டும்.

"பள்ளிக்கூடத்தில தமிழ்த்தினப் போட்டிக்குத் தனிநடிப்புச் செய்த பெடியன். அப்பவே கெட்டிக்காரன்" என்று பின்னால் ஒருவர் மற்றவருக்குச் சொல்கிறார். இருவரும் வேலியோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தவர்கள். தூணோரம் பாய் போட்டு அமர்ந்திருக்கும் ஆச்சியின் மடியில் கச்சான் சரை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பம் ஒன்றும் இருக்கிறது. அவர்களுடைய மகள் கைத்தொலைபேசியை நெஞ்சளவுக்கு உயர்த்திப் பிடித்து ஆயத்தமாகிவிட்டாள்.

அறிவிப்பாளர் இல்லை. நடிகரே நடுவில் வந்து நிற்கிறார்.

"நடிகமணி வி. வி. வைரமுத்து. 1924ஆம் ஆண்டு காங்கேசன்துறையில பிறந்தவர். 1989இல காலமானவர். மிச்சமெல்லாம் இரவு."

வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான். எந்தத் திகதியில் எந்தப் பட்டம், எந்த மாலை என்ற கணக்குக்குள் அவர் போகவேயில்லை. தடியை எடுத்துத் தோளில் சாத்துகிறார். ஆர்மோனியம் சுருதி பிடிக்கிறது. முதல் விருத்தம் மண்டபத்தின் ஓட்டுக்கூரையில் போய் முட்டுகிறது.

முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே திரும்புகிறார்கள்.

பாட்டை நிறுத்தாமலே அவர் காலத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார். வாங்கைத் தலைகீழாகக் கவிழ்க்கிறார். அதன் நான்கு கால்களும் கொட்டகையின் கம்பங்களாகின்றன. தமிழ்நாட்டிலிருந்து நாடகக் கம்பனிகள் கப்பலேறி வந்து இங்கே கொட்டகை போட்டு ஆடிய காலம் அது. அந்தக் கொட்டகையின் பெயரிலேயே யாழ்ப்பாணத்தார் அந்த நாடகத்தைக் கொட்டகைக்கூத்து என்றார்கள். டிறாமா மோடி என்றும் சொன்னார்கள். பின்னர் படித்தவர்கள் இசை நாடகம் என்றார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் உருவேறிய பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் வள்ளி திருமணமும் இப்படித்தான் கடல் கடந்தன. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் முதன்முதலில் சேர்ந்து நடித்ததும் இலங்கையில்தான், 1926இல், கொழும்பில்.

வந்த கம்பனிகள் திரும்பிப் போயின. அவை விட்டுப்போன இராகங்கள் போகவில்லை. வேலிக்கு வெளியே நின்று கேட்டவர்கள் பாடிப் பழகினார்கள், அண்ணாவிமார் எழுந்தார்கள், ஊருக்கு ஊர் சபாக்கள் தோன்றின. காங்கேசன்துறை வசந்த கான சபா அப்படி எழுந்த சபாக்களில் ஒன்று. வைரமுத்துவின் பெயரும் அந்தச் சபாவின் பெயரும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை.

நடிகர் இப்போது ஒலிவாங்கி இல்லாத காலத்தைக் காட்டுகிறார். சொல்லிக் காட்டவில்லை; பாடிக் காட்டுகிறார். தனக்கு முன்னால் நின்ற ஒலிவாங்கியைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு ஆர்மோனியக்காரரைப் பார்க்கிறார். முதியவரின் விரல்கள் ஐந்து கட்டைக்கு ஏறுகின்றன. கோயில் வீதியின் கடைசியில், மணலில் துண்டு விரித்துப் படுத்திருப்பவனுக்கும் சொல் ஒவ்வொன்றும் விளங்கவேண்டும். அதற்கான சுருதி அது. நடிகரின் கழுத்து நரம்பு புடைக்கிறது. ஓரிடத்தில் குரல் கீறுகிறது. கீறின இடத்தை அவர் மறைக்கவில்லை. அந்த உயரத்தில் இரவு முழுக்க நிற்பது என்றால் என்ன என்பதை அந்தக் கீறல் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது.

அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தை மட்டும் வைரமுத்து 3000 தடவைக்கு மேல் ஆடினார் என்பார்கள். ஒரு நாளும் விடாமல் ஆடினாலும் எட்டு ஆண்டுக்கு மேல் பிடிக்கும். எட்டு ஆண்டு இரவுகளில் ஒரு மனிதர் ஒரே பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறார், ஒரே மனைவியிடம் சுடலைக் கூலி கேட்டிருக்கிறார். விடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். நடிகர் இதைச் சொல்லும் விதம் எளிமையானது. வாங்கை நிமிர்த்தி அதில் ஏறி இருக்கிறார். வாகனம் குலுங்குகிறது. தலை பக்கத்து ஆளின் தோளில் விழுகிறது. விழித்துக்கொள்கிறார். "எந்த ஊர் இது?" என்கிறார். கேட்ட வாய் மூடுவதற்குள் எழுந்து நின்று அடுத்த ஊரின் விருத்தத்தைத் தொடங்குகிறார். இதையே மறுபடி செய்கிறார். மறுபடியும் செய்கிறார். முதலில் சிரித்த பிள்ளைகள் பிறகு சிரிக்கவில்லை. அந்த மனிதனுக்கு எவ்வளவு களைப்பாக இருந்திருக்கும் என்று அவர்களுக்கும் விளங்கத் தொடங்கிவிட்டது.

பிறகு தடியின் நுனியால் தரையில் ஒரு கோடு கீறுகிறார்.

"இதுக்கு அங்கால கோயில். இதுக்கு இங்கால பாட்டு."

வேறு விளக்கம் தரவில்லை. தேவையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இந்தக் கலையைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். வெளிவீதியில் விடியவிடியப் பாடலாம். உள்வீதிக்குள் காலெடுத்து வைக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. காங்கேசன்துறைக்குப் பக்கத்திலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்ததை நேரில் கண்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கக்கூடும். இரண்டாம் வரிசையில் ஒரு பெரியவர் அந்தக் கோட்டைப் பார்க்கிறார். வேறு எங்கும் பார்க்கவில்லை.

மயான காண்டம் யாழ்ப்பாணத்தில் ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதற்கு விடை அந்தக் கோட்டில் இருக்கிறது. அயோத்தி அரசன் வாய்மைக்காக நாட்டை இழந்து, மனைவியையும் பிள்ளையையும் காசியில் விற்று, கடைசியில் சுடலைக்கு உரியவனான வீரபாகுவுக்கு அடிமையாகிச் சுடலை காக்கிறான். சுடலை காக்கும் வேலை யாருக்கு விதிக்கப்பட்டது என்று நன்றாகத் தெரிந்த ஊர் இது. அந்த வேலையை ஒரு மகாராசா செய்வதைக் கண்டு இதே ஊர் கண்ணீர் விட்டது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பழைய ஒழுங்குக்கே திரும்பிப் போனவர்கள் உண்டு. திரும்பிப் போக முடியாமல் மனம் மாறியவர்களும் உண்டு. அந்த இரண்டு வகையினருக்கும் ஒரே தொண்டையால் பாடியவர்தான் வைரமுத்து.

இப்போது அரசி சந்திரமதி வருகிறாள். சால்வை தலைக்கு ஏறுகிறது. நடிகரின் தோள் ஒடுங்குகிறது. நடையின் நீளம் பாதியாகிறது. உடனே சால்வை இறங்கிச் சுருண்டு இரண்டு கைகளிலும் கிடக்கிறது. அது இப்போது பாம்பு தீண்டிய மகன் லோகிதாசன். அந்தச் சுருளை அவர் வாங்கில் வைக்கும் விதத்தில், தலை எந்தப் பக்கம் கால் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. ஆர்மோனியம் முகாரிக்குள் இறங்குகிறது.

காவலாளி தடியை ஊன்றி எழுகிறான். பிணம் சுடுவதற்குக் கூலி கேட்க வாய் திறக்கிறான். அவன் கேட்பதற்கு ஒரு கணம் முன்னால் தூணடியிலிருந்து ஆச்சியின் குரல், தனக்குத் தானே சொல்வதுபோல் வருகிறது.

"வாய்க்கரிசி, முழத்துண்டு, கால்பணம்."

நடிகருக்கு அது கேட்டுவிட்டது. சொல்ல வந்த சொல்லை நிறுத்திக்கொள்கிறார். கூலியை ஆச்சியே கேட்டதாக ஏற்று அவர் பக்கம் மெல்லத் தலை சாய்க்கிறார். பிறகு சந்திரமதியாகித் தன்னிடம் எதுவும் இல்லை என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார். ஒத்திகையில் இருந்திருக்க முடியாத இடம் அது. அந்த இரவில் இரண்டு பேர் நடித்த ஒரே காட்சியும் அதுதான்.

தாலியை அவன் கண்டுகொள்ளும் கட்டம் வருகிறது. கணவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் தாலி. ஒரே ஆள், தாலியைக் கழுத்தில் கொண்டவளாகவும் அதைக் காண்பவனாகவும் இருக்கவேண்டும். பல பேர் நடிக்கும் நாடகத்தில் இரண்டு முகங்கள் எதிரெதிரே நின்று இதைச் செய்துவிடும். இங்கே அவர் கண்ணை மூடுகிறார். வலது கை இடது தோளைத் தேடிப்போய் அங்கேயே நிற்கிறது. பாட்டு இல்லை, வசனம் இல்லை. மிருதங்கக்காரப் பெடியன் கூட விரலைத் தோலில் வைத்தபடி அடிக்காமல் இருக்கிறான். தனியாள் அரங்கின் பலம் அப்போது வெளிப்படுகிறது. நடிகர் விட்ட இடத்தைப் பார்ப்பவர்கள் தங்கள் நினைவால் நிரப்புகிறார்கள். நிரப்பத் தெரிந்தவர்கள் எதிரில் இருக்கவேண்டும் என்பதுதான் அதன் நிபந்தனை.

அந்த நிபந்தனையை நோக்கித்தான் நடிகர் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்திருக்கிறார்.

சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாதாரணக் குரலில் பேசுகிறார். வைரமுத்து பிறந்த அதே 1924இல், பக்கத்திலே தெல்லிப்பழையில் பிறந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவர் நாட்டுக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்றார். கர்ணன் போரையும் இராவணேசனையும் புதிய மேடைக்குக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். வைரமுத்துவின் களம் பெரும்பாலும் கோயில் வீதிதான். ஒருவர் மரபை ஆய்வுக்குள் கொண்டுபோனார். மற்றவர் அதை மணலில் வைத்தே காத்தார். இருவரும் ஒரே ஆண்டில், 1989இல் மறைந்தார்கள். பேராசிரியர் பெயரைச் சொல்ல நூல்கள் இருந்தன, மாணவர்கள் இருந்தார்கள். மற்றவருக்கு இருந்தது பார்த்த சனம் மட்டும்தான்.

"அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்கிறார்.

கேட்டுவிட்டு நடந்து வருகிறார். வெறுமையாகக் கிடந்த முன்வரிசைக் கதிரைகளில் ஒன்றில், மேடைப் பக்கம் முகம் வைத்து, எங்கள் பக்கம் முதுகைக் காட்டி இருக்கிறார். இப்போது மேடையில் யாருமில்லை. வாங்கும் தடியும் மட்டும் வெளிச்சத்தில் இருக்கின்றன. அவர் பார்வையாளராகி வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கதிரையைத் தட்டி, "எங்க உங்கட அண்ணர், வரேல்லையோ?" என்று விசாரிக்கிறார். அடுத்த கதிரையிடம் கேட்கிறார். அதற்கடுத்ததிடம் கேட்கிறார். எந்தக் கதிரையிலிருந்தும் பதில் இல்லை.

மண்டபத்தில் எல்லோருக்கும் பதில் தெரியும். வைரமுத்து மறைந்து ஓராண்டு ஆவதற்குள், 1990 யூனில், வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. காங்கேசன்துறையும் அதைச் சுற்றிய ஊர்களும் உயர் பாதுகாப்பு வலயமாகின. கோயில் வீதிகளில் எருக்கலையும் பற்றையும் மூடின. சனம் முகாம்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும், அங்கிருந்து வன்னிக்கும் கொழும்புக்கும் கடலுக்கு அப்பாலும் சிதறியது. 2009இல் போர் முடிந்த பிறகும் காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுபட்டன. காங்கேசன்துறைக்கு மறுபடி புகையிரதம் வந்தது 2015 சனவரியில். ஒரு பாடகரை நினைவில் வைத்திருக்கவேண்டிய ஊரே கால் நூற்றாண்டு ஊரில் இல்லை.

உலகத்தின் மறுகோடியிலும் இப்படி மறக்கப்பட்ட குரல்கள் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின உழைப்பாளிகளின் வயலிலும் வழிபாட்டிலும் ஊறி எழுந்த துயர இசை புளூஸ். அதன் பேரரசி என்று கொண்டாடப்பட்ட பெஸி சிமித் 1937இல் வீதி விபத்தில் இறந்தார். அவருடைய புதைகுழிக்கு ஒரு கல் நடப்பட 1970வரை ஆயிற்று. மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் என்ற பாடகர் 1928இல் சில இசைத்தட்டுகள் பாடிவிட்டுத் தோட்ட வேலைக்குத் திரும்பிப் போனார். முப்பத்தைந்து ஆண்டு அவரை ஒருவரும் தேடவில்லை. 1963இல் ஓர் இளைஞர், ஹேர்ட் தன் பாட்டிலே சொல்லியிருந்த ஊர்ப்பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். அவலோன் என்ற சின்னக் கிராமம். அங்கே போய் விசாரித்தபோது ஆளே கிடைத்தார். இறப்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் பெருங்கூட்டங்களுக்குப் பாடினார்.

தேடிப் போனவருக்கு அவலோன் அதே இடத்தில் இருந்தது. விசாரித்தால் வீட்டைக் காட்ட ஆட்கள் இருந்தார்கள். எங்களுடைய பாடகரைத் தேட நினைத்தவர்களுக்கு அந்த ஒழுங்கையே மூடியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கலைஞர் மறக்கப்பட்டார் என்று சொல்லும்போது, சனம் நன்றி மறந்தது என்று அதைச் சுருக்கிவிடுவது அநியாயம். பாட்டு ஒருவருடைய வாயில் பிறக்கிறது. அது தங்குவது நூறு பேருடைய காதில். அந்த நூறு பேரையும் நூறு திசைக்குக் கலைத்துவிட்டால், ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு துண்டு மிஞ்சும். முழுப்பாட்டு எவரிடமும் இராது. ஒலிப்பதிவு குரலைத் தரும். ஆச்சி முந்திக்கொண்டு கூலி கேட்ட அந்தக் கணத்தை அது தராது.

நடிகர் எழுந்து மறுபடி மேடைக்குப் போகிறார். தடியை எடுக்கிறார். கடைசி விருத்தத்தை ஐந்து கட்டையில் அல்ல, தன்னுடைய சொந்தச் சுருதியில் பாடி முடித்துக் கும்பிடுகிறார்.

கைதட்டல் ஓய்கிறது. தேத்தண்ணித் தட்டம் வருகிறது. வழக்கமாக இந்த நேரத்தில் சனம் செருப்பைத் தேடத் தொடங்கும். இன்றைக்கு முதலில் எழுந்தவர், கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர். நேரே நடிகரிடம் போகிறார்.

"தம்பி, எல்லாம் நல்லம். ஆனால் பிள்ளையைக் கண்டவுடன எடுக்கிற இடம் பிழை. வைரமுத்தர் அதை இவ்வளவு மேல எடுக்கமாட்டார். கீழதான் தொடங்குவார்."

ஆர்மோனிய முதியவர் துருத்தியை மூடவில்லை. "ஆர் சொன்னது? மேலதான் எடுப்பார். எடுத்து நிப்பாட்டிப்போட்டு ஆர்மோனியத்தை விடுவார். நான் கிட்ட இருந்து கேட்டனான்."

"நீர் எந்தக் கோயிலில கேட்டனீர்?"

"எந்தக் கோயிலெண்டால் என்ன? ஒரு ஊருக்கு ஒரு பாட்டே?"

"ஓம், அப்பிடித்தான்" என்கிறார் ஆச்சி பாயிலிருந்தபடியே. "எங்கட ஊரில அந்த இடத்தில பாடவே இல்லை. ஆள் பேசாமல் நிண்டவர். நாங்கள்தான் அழுதனாங்கள்."

மூன்று நினைவுகள், மூன்றும் ஒன்றுக்கொன்று எதிர். மூன்றும் உண்மையாக இருக்கக்கூடும். 3000 இரவு ஆடிய மனிதர் மூன்று இரவில் மூன்று விதமாக ஆடியிருக்க மாட்டாரா? நடிகர் ஆணியில் கொழுவியிருந்த சேட்டின் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து வாங்கில் வைத்து எழுதத் தொடங்குகிறார். பெரியவர் சொன்னதைப் பாடிக் காட்டச் சொல்லிக் கேட்கிறார். அவர் வெட்கப்படாமல் பாடுகிறார். குரல் நடுங்குகிறது, இராகம் நடுங்கவில்லை. ஆர்மோனியம் பின்னால் போகிறது. மிருதங்கப் பெடியன் தாளத்தை வைக்கிறான். வெளிநாட்டுப் பெண் அணைத்துவைத்த கைத்தொலைபேசியை மறுபடி எடுக்கிறாள்.

இப்படி ஒரு வாக்குவாதம் நடக்கும்வரை வைரமுத்து மறக்கப்பட்டவர் ஆகமாட்டார். அவர் எப்படிப் பாடினார் என்று சண்டை பிடிக்க ஆளில்லாத நாளில்தான் அவர் உண்மையாக மறைவார். அந்த நாள் தூரத்தில் இல்லை. அவரை நேரில் கேட்ட காதுகளுக்கு இப்போது அறுபது, எழுபது, எண்பது வயது. சிலைக்கும் மலருக்கும் விழாவுக்கும் முன்னால் செய்யவேண்டியது, ஊர் ஊராகப் போய் இந்தக் காதுகளை ஓரிடத்தில் கூட்டி வைப்பது. தனியாள் ஒருவர் ஒரு தடியோடும் சால்வையோடும் அதைத் தொடங்கியிருக்கிறார்.

கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் சத்தத்துக்குள்ளும் வாக்குவாதம் நிற்கவில்லை. பெரியவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே உள்ளே பார்த்துச் சொல்கிறார்.

"அடுத்தமுறை ஒருக்கால் கீழ எடுத்துப் பாரும். நான் முன்னுக்கு வந்து இருந்து சொல்லுறன், சரியோ பிழையோ எண்டு."